மறைந்திருக்கும் ஈரம்

நுழையும்முன்

மழை நிலத்திற்கு வளம் தருவது. அதே மழை காற்றில் விட்டுச்செல்லும் ஈரம் சில பொருள்களுக்குள் மெல்லப் புகுந்து அவற்றின் இயல்பை மாற்றிவிடும். காரின் பிரேக் அமைப்பில் நிறைந்துள்ள திரவம் அத்தகைய பொருள்களுள் ஒன்று. அதனுள் ஈரம் சேர்வதைக் கண்ணால் காண இயலாது. காதால் கேட்க இயலாது. மலையிலிருந்து இறங்கும் ஒரு வளைவில்தான் அது தன்னை வெளிப்படுத்தும். அந்த ஈரத்தின் போக்கையும் அதற்கு முன்னரே திரவத்தை மாற்றவேண்டிய காலத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

பொதிகை அடிவாரத்து ஈரம்

திருநெல்வேலி மாவட்டத்தில் பொதிகை மலையின் அடிவாரத்தில், பாபநாசத்தை ஒட்டி அமைந்த ஊர் விக்கிரமசிங்கபுரம். மலையிலிருந்து இறங்கிவரும் தாமிரபரணி சமவெளியைத் தொடும் இடம் இது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தாண்டிச் சாரலாக வந்து சேரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை அடைமழையாகப் பெய்யும். ஆண்டின் பெரும்பகுதியில் இவ்வூர்க் காற்றில் ஈரப்பதம் குறைவதில்லை.

ஈரத்தின் இயல்பை இவ்வூரார் தொழில்வழியாகவே அறிந்திருந்தனர். ஆற்றுநீரின் விசையைப் பயன்படுத்திப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு நூற்பாலை தோன்றியது. பருத்தி, காற்றிலுள்ள ஈரத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் இழை. முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்தி, திட்ட அளவுக் காற்றில் ஏறத்தாழ 8.5 கிலோ நீரை ஏற்கும் எனக் கணக்கிடுவது பஞ்சு வணிகத்தின் மரபு. காற்று வறண்டால் நூல் அடிக்கடி அறும்; ஆகவே நூற்பாலைக்குள் ஈரப்பதத்தைக் குறையாமல் காப்பர். அங்கே ஈரம் துணை.

அடுக்களையிலோ நிலைமை வேறு. மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிகிறது. டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தால் அப்பளம் நமத்துப்போகிறது. காற்றிலுள்ள நீராவியைத் தம்மிடம் இழுத்துக்கொள்ளும் இத்தகைய பொருள்களை வேதியியல் 'ஈரம் உறிஞ்சும் பொருள்கள்' என வகைப்படுத்துகிறது. நமத்துப்போன அப்பளத்தைத் தொட்டவுடன் அறியலாம். நமத்துப்போன பிரேக் திரவத்தை அவ்வாறு அறிய இயலாது என்பதே அதைத் தனித்துக் கற்கவேண்டியதன் காரணம்.

மிதியிலிருந்து சக்கரம் வரை

காரின் பிரேக் மிதியைக் கால் அழுத்தும்போது, அந்த விசை கம்பியாலோ சங்கிலியாலோ சக்கரத்திற்குச் செல்வதில்லை. மிதிக்கு அருகிலுள்ள மாஸ்டர் சிலிண்டரில் ஓர் உந்துதண்டு நகர்ந்து திரவத்தை அழுத்துகிறது. அவ்வழுத்தம் மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் பரவுகிறது. முன்சக்கரங்களில் காலிப்பர் எனப்படும் பகுதியிலுள்ள உந்துதண்டு, பிரேக் பேடுகளைச் சுழலும் இரும்புத் தட்டின்மேல் அழுத்துகிறது. உராய்வினால் சக்கரம் வேகம் குறைந்து நிற்கிறது.

மூடிய கலத்திலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல் பதினேழாம் நூற்றாண்டில் கண்ட விதி. மாஸ்டர் சிலிண்டரின் உந்துதண்டு 2 சதுர சென்டிமீட்டர் பரப்பும், காலிப்பரின் உந்துதண்டு 20 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்டிருந்தால், செலுத்திய விசை பத்து மடங்காகப் பெருகும். ஒரு மனிதனின் காலழுத்தம் ஆயிரம் கிலோ எடையுள்ள வாகனத்தை நிறுத்துவது இவ்வாறுதான்.

இதற்கு இன்றியமையாத நிபந்தனை ஒன்று உண்டு. குழாய் முழுவதும் திரவமே நிறைந்திருக்கவேண்டும். திரவம் எளிதில் சுருங்காது. எனவே பெற்ற அழுத்தத்தை அப்படியே கடத்தும். வளிமம் சுருங்கும் இயல்புடையது. குழாய்க்குள் வளிமக் குமிழ்கள் தோன்றினால் காலின் விசை அவற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். சக்கரத்தை எட்டும் விசை சிறிதாகவே இருக்கும்.

பெயரில் எண்ணெய், இயல்பில் வேறு

பணிமனைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் இத்திரவத்திற்கு வழங்கும் பெயர் 'பிரேக் ஆயில்'. தொடக்ககாலத்தில் ஆமணக்கெண்ணெயும் ஆல்ககாலும் கலந்த கலவைகள் இப்பணிக்குப் பயன்பட்டன. இன்று கார்களில் பெரும்பாலும் பயன்படுவது கிளைக்கால் ஈத்தர் வகையைச் சேர்ந்த வேதிப்பொருள்களின் கலவை. இது எண்ணெய் அன்று. ஆயினும் 'ஆயில்' என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

பெயர் தவறான கருத்துகளுக்கு வழிவகுப்பதுண்டு. எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலப்பதில்லை என்பது அனைவரும் அறிந்தது. ஆகவே 'ஆயிலில்' நீர் எவ்வாறு சேரும் என்னும் ஐயம் இயல்பாகவே எழும். கிளைக்கால் ஈத்தரோ நீருடன் எளிதில் கலப்பது. நீரைக் காற்றிலிருந்தே ஈர்த்துக்கொள்வது. இன்னொரு தவறு இதனினும் கொடியது. ஆயில்தானே என எண்ணி, எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ பிரேக் திரவத் தொட்டியில் ஊற்றிவிட்டால், அமைப்பிலுள்ள இரப்பர் வளையங்கள் ஊதிப் பருத்துச் சிதையும். பின்னர் அவ்வமைப்பின் இரப்பர் பகுதிகள் அனைத்தையும் மாற்றவேண்டியிருக்கும். ஆகவே 'பிரேக் திரவம்' என வழங்குவதே பொருளுக்குப் பொருந்துவது.

ஈரம் புகும் வழி

பிரேக் அமைப்பு மூடிய அமைப்பே. ஆயினும் அது முற்றிலும் அடைபட்டது அன்று. பேடுகள் தேயத்தேயத் தொட்டியிலுள்ள திரவ மட்டம் தாழும். அவ்விடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும் என்பதால் தொட்டியின் மூடியில் நுண்ணிய காற்றுவழி அமைந்துள்ளது. அக்காற்றுடன் ஈரமும் வருகிறது. சக்கரங்களுக்கு அருகில், அசைவிற்கு ஈடுகொடுக்கும் பொருட்டு இரப்பர் ஹோஸ்கள் பொருத்தப்பட்டுள்ளன. இரப்பரின் சுவரையும் ஊடுருவி நீர்மூலக்கூறுகள் மிக மெதுவாக உட்புகும். மூடியை அடிக்கடி திறந்து பார்ப்பதும் ஈரம் சேர ஒரு காரணம்.

நீரை ஈர்க்கும் திரவத்தை ஏன் தேர்ந்தெடுத்தனர் என்னும் வினா எழலாம். எந்த அமைப்பிலும் சிறிதளவு ஈரம் நுழைவதை முற்றிலும் தடுக்க இயலாது. நீருடன் கலவாத திரவமாக இருப்பின், நுழைந்த நீர் துளித்துளியாகத் திரண்டு தாழ்வான இடத்தில் தேங்கும். அவ்விடம் பெரும்பாலும் வெப்பம் மிகுந்த காலிப்பராகவே இருக்கும். தேங்கிய துளி இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். 100 பாகை செல்சியஸ் வெப்பநிலையிலேயே ஆவியாகிவிடும். ஈரத்தைத் தன்னுள் கரைத்துப் பரப்பிவைக்கும் திரவம் அத்தீங்கைத் தள்ளிப்போடுகிறது. ஈரம் உறிஞ்சுதல் இத்திரவத்தின் குறை அன்று; கால எல்லை உடைய நற்பண்பு.

கொதிநிலையின் வீழ்ச்சி

பிரேக் திரவத்தின் தரத்தை அதன் கொதிநிலையைக் கொண்டு அளப்பர். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் பெயர்ச் சுருக்கமான 'டாட்' என்னும் குறியீடு புட்டிகளின்மேல் எண்ணுடன் அச்சிடப்பட்டிருக்கும். புதிய திரவத்தின் கொதிநிலை 'உலர் கொதிநிலை' எனவும், ஏறத்தாழ 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த திரவத்தின் கொதிநிலை 'ஈரக் கொதிநிலை' எனவும் பெயர் பெறும். ஒவ்வொரு தரமும் எட்டவேண்டிய குறைந்த அளவுகள் வருமாறு:

டாட் 3 – உலர் கொதிநிலை 205 பாகை. ஈரக் கொதிநிலை 140 பாகை.
டாட் 4 – உலர் கொதிநிலை 230 பாகை. ஈரக் கொதிநிலை 155 பாகை.
டாட் 5.1 – உலர் கொதிநிலை 260 பாகை. ஈரக் கொதிநிலை 180 பாகை.

இவ்வெண்கள் ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றன. நூறு பங்கில் நான்கு பங்கிற்கும் குறைவான நீர், டாட் 4 திரவத்தின் கொதிநிலையை 75 பாகை அளவிற்குத் தாழ்த்திவிடுகிறது. ஈரமேறிய டாட் 4 திரவம் புதிய டாட் 3 திரவத்தைவிடவும் விரைவில் கொதிக்கும். உயர்ந்த தரத்தை வாங்கி ஊற்றிவிட்டு ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுவதைவிட, உரிய தரத்தை உரிய காலத்தில் மாற்றுவதே பாதுகாப்பானது.

மலையிறக்கத்தில் நிகழ்வது

சமவெளிச் சாலையில் பிரேக்கின் பணி குறைவு. அம்பாசமுத்திரத்திற்கும் விக்கிரமசிங்கபுரத்திற்கும் இடையே ஓடும் காரில், ஈரமேறிய திரவமும் குறையேதும் காட்டாது. பாபநாசத்திலிருந்து காரையாறு நோக்கிச் செல்லும் மலைச்சாலையிலும், மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் சாலையிலும் சென்று திரும்பும்போதுதான் அதற்குச் சோதனை நேர்கிறது.

பயணிகளுடன் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே இறங்குவதாகக் கொள்வோம். நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் ஆகியவற்றின் பெருக்கலாக 58 இலட்சத்து 80 ஆயிரம் ஜூல் ஆற்றல் வெளிப்படும். ஏறத்தாழ 20 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர இவ்வாற்றல் போதும். இதில் ஒரு பகுதியைக் காற்றின் தடையும் எஞ்சினும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியது முழுவதும் பிரேக்குகளில் வெப்பமாக மாறும். ஓட்டுநர் தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் ஏற்கும் பங்கு கூடும். உயர்ந்த கியரில் மிதியின்மேலேயே காலை வைத்து இறங்கினால் வெப்பம் முழுவதும் பிரேக்கையே சாரும்.

இரும்புத் தட்டின் வெப்பநிலை சில நூறு பாகைக்கு உயர, அவ்வெப்பம் பேடுகளின் வழியே காலிப்பருக்கும் அதனுள் இருக்கும் திரவத்திற்கும் பரவும். திரவம் தன் கொதிநிலையை எட்டினால் முதலில் அதிலுள்ள நீர் ஆவியாகும். ஒரு துளி நீர் என்பது ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு. காற்றழுத்த நிலையில் அது நீராவியாக மாறினால் ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் இடத்தை நிரப்பும். மிதியை ஒருமுறை முழுவதும் அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் நகர்த்தும் திரவமோ சில மில்லிலிட்டரே. ஆகவே, அழுத்தம் தளர்ந்த நேரத்தில் தோன்றிய ஆவியை நிரப்புவதற்குள் மிதியின் நகர்வு முடிந்துவிடுகிறது. கால் பஞ்சை மிதிப்பதுபோல் கீழே செல்லும், கார் நிற்காது. இதனை 'ஆவியடைப்பு' என்பர்.

இறக்கம் முடிந்து காரை நிறுத்திய பின்னரும் இத்தீங்கு நேரலாம். ஓடும்போது வீசிய காற்று தட்டைக் குளிர்வித்துக்கொண்டிருந்தது. நின்றவுடன் அக்காற்று இல்லை. தட்டில் தேங்கிய வெப்பம் திரவத்தை நோக்கி நகரும். அடிவாரத்துத் தேநீர்க் கடையில் சற்று இளைப்பாறிவிட்டுப் புறப்படும்போது மிதி தாழ்ந்து போவதற்கு இதுவே காரணம்.

தடயம் விடாத பழுது

ஆவியடைப்பு பிற பழுதுகளிலிருந்து ஒரு வகையில் வேறுபட்டது. குழாய் உடைந்தால் கசிவு தெரியும். பேடு தேய்ந்தால் ஓசை கேட்கும். திரவம் குளிர்ந்ததும் நீராவி மீண்டும் நீராகித் திரவத்தில் கலந்துவிடும். மிதி பழையபடி உறுதியாகும். பணிமனைக்குக் கொண்டுசென்றால் கசிவும் இல்லை, தேய்மானமும் இல்லை. 'பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது' என்னும் விடையே கிடைக்கும். ஓட்டுநரின் சொல் ஐயத்திற்கு உள்ளாகும். அதே திரவத்துடன் அதே கார் அடுத்த முறையும் மலையேறும். எனவே, இறக்கத்தில் ஒருமுறை மிதி தாழ்ந்தது என்று ஓட்டுநர் கூறினால், பிற சோதனைகளுடன் திரவத்தின் ஈரத்தையும் அளந்து பார்ப்பது பணிமனையின் கடமை.

ஈரத்தின் தீங்கு கொதித்தலோடு முடிவதில்லை. திரவத்தில் சேர்க்கப்பட்டுள்ள அரிமானத் தடுப்பிகள் காலப்போக்கில் தீர்ந்துவிடும். பின்னர் நீர், சிலிண்டரின் உட்சுவரையும் உந்துதண்டையும் அரிக்கத் தொடங்கும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குச் சக்கரம் பூட்டிக்கொள்ளாத் தடுப்பு அமைப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. அதன் நுண்ணிய அடைப்பிதழ்கள் துருத்துகளால் பழுதடைந்தால் ஆகும் செலவு, பல ஆண்டுகளுக்கான பிரேக் திரவத்தின் விலையைவிட மிகுதி.

எப்போது மாற்றுவது?

எஞ்சின் ஆயிலை ஓடிய தொலைவைக் கொண்டு மாற்றுவது வழக்கம். பிரேக் திரவத்திற்கு அவ்வளவை மட்டும் நம்ப இயலாது. வீட்டுக் கொட்டகையில் நிற்கும் காரும் அதே காற்றையே சுவாசிக்கிறது. ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத காரின் திரவமும் ஈரத்தை ஏற்றுக்கொண்டே இருக்கும். ஆகவே நாட்காட்டியே இதற்குரிய அளவுகோல். பல நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும் சில நிறுவனங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் மாற்றுமாறு கையேட்டில் குறிப்பிடுகின்றன. காருடன் வந்த கையேட்டின் சொல்லே முதன்மையானது. ஈரமிகுந்த ஊர்களிலும், அடிக்கடி மலைச்சாலையில் செல்லும் வாகனங்களிலும் அக்கால எல்லையைத் தாண்டவிடுதல் கூடாது.

நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வதும் பிழையே. புதிய திரவம் தேனின் இளநிறத்தில் இருக்கும், பழையது பழுப்பேறும். ஆனால் கரைந்த நீருக்கு நிறமில்லை. தெளிந்த திரவத்திலும் ஈரம் மிகுந்திருக்கக்கூடும். பணிமனைகளில் பேனா வடிவிலான சோதனைக் கருவியைத் தொட்டியில் தோய்த்து ஈரத்தின் அளவை மதிப்பிடுவர். அது மூன்று விழுக்காட்டை நெருங்கினால் மாற்றவேண்டும் என்பது பொது நடைமுறை. திரவத்தைச் சூடேற்றிக் கொதிநிலையை நேரடியாக அளக்கும் கருவி இன்னும் நம்பத்தக்கது. தொட்டியில் உள்ளதைவிடக் காலிப்பரில் உள்ள திரவம் மோசமாக இருக்கலாம் என்பதையும் மறத்தல் கூடாது.

இதனால்தான் மட்டம் குறையும்போது தொட்டியில் சிறிது ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. எஞ்சின் ஆயில் சுற்றிச்சுற்றி ஓடுவது. பிரேக் திரவம் அவ்வாறு சுற்றுவதில்லை. மேலே ஊற்றிய புதிய திரவம் கீழே காலிப்பரிலுள்ள பழைய திரவத்தை எளிதில் சென்று அடையாது. மேலும் மட்டம் தாழ்வது பேடு தேய்ந்ததன் அறிகுறியாகவோ கசிவின் அறிகுறியாகவோ இருக்கலாம். காரணத்தை ஆராயாமல் நிரப்புவது அறிகுறியை மறைப்பதாகும்.

மாற்றும்போது கொள்ளவேண்டிய கவனம்

ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள வெளியேற்றும் திருகின் வழியே பழைய திரவத்தை வெளியேற்றி, புதியது குமிழின்றி வரும்வரை தொட்டியை நிரப்பிக்கொண்டே செல்லவேண்டும். பணிமனைகளில் இதனை 'ஏர் எடுத்தல்' என்பர். இடையில் தொட்டி வறண்டுவிட்டால் காற்று புகுந்துவிடும். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பது காருக்குக் கார் மாறும்; கையேட்டின் வரிசையைப் பின்பற்றுதல் நன்று. பயிற்சி பெற்றவரே இப்பணியைச் செய்யவேண்டும்.

திறந்த புட்டியில் எஞ்சியதை அடுத்த ஆண்டிற்கெனச் சேமித்தல் கூடாது. புட்டிக்குள்ளும் ஈரம் சேரும். திரவம் காரின் வண்ணப்பூச்சை அரிக்கும் என்பதால் சிந்தினால் உடனே நீரூற்றிக் கழுவவேண்டும். அது நஞ்சு, குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றிவைப்பது உயிருக்கே தீங்காகும். கழிவைச் சாக்கடையில் ஊற்றினால் அது இறுதியில் ஆற்றையே சேரும். தாமிரபரணி பல ஊர்களின் குடிநீர் என்பதைப் பணிமனைகள் கருத்தில் கொள்ளவேண்டும்.

இறக்கத்தில் மிதி தாழ்ந்துபோனால் மிதியை விட்டுவிட்டு விரைந்து பலமுறை அழுத்துதல், கியரைப் படிப்படியாகக் குறைத்தல், கைப்பிரேக்கைச் சிறிதுசிறிதாக இழுத்தல் ஆகியன ஓட்டுநர் செய்யத்தக்கவை. எஞ்சினை அணைத்தல் கூடாது. ஆனால் இவை இறுதிநேர முயற்சிகளே. உரிய காலத்தில் மாற்றிய திரவமும் ஏறிய கியரிலேயே இறங்கும் பழக்கமும் அந்நேரம் வாராமல் காக்கும்.

கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் சாலையில் 36 உள்ளன. அங்கெல்லாம் தாழ்ந்த கியரில் செல்லுமாறு அறிவிப்புப் பலகைகள் எச்சரிக்கின்றன. அப்பலகைகள் சொல்லாத மற்றொரு கடமை, மலைக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே நிறைவேற்றவேண்டியது. கடைசியாகப் பிரேக் திரவத்தை மாற்றிய நாள் எது என்னும் வினாவிற்கு விடை தெரியாவிடில், மாற்றவேண்டிய நாள் வந்துவிட்டது என்று கொள்வதே அறிவுடைமை.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்காவைச் சேர்ந்த மால்கம் லாக்ஹீட் 1917-இல் நீர்ம விசையால் இயங்கும் பிரேக்கிற்குக் காப்புரிமை பெற்றார். 1921-இல் டூசன்பர்க் நிறுவனத்தின் கார் நான்கு சக்கரங்களிலும் இத்தகைய பிரேக்குடன் வெளிவந்தது. பேருந்துகளிலும் லாரிகளிலும் பெரும்பாலும் காற்றழுத்த பிரேக்குகளே உள்ளன. அவற்றின் காற்றுத்தொட்டிகளிலும் ஈரம் நீராகத் தேங்கும். அதனை உரிய காலத்தில் வெளியேற்றுவது ஓட்டுநரின் கடமைகளுள் ஒன்று.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியிலுள்ள பணிமனைக்குச் சென்று, பிரேக் அமைப்பின் உறுப்புகளுக்கு அங்கு வழங்கும் பெயர்களைத் தொகுத்து, ஒவ்வொன்றிற்கும் பொருத்தமான தமிழ்ச்சொல்லைப் பரிந்துரைக்க.

2. 'பிரேக் ஆயில்' என்பதுபோலப் பொருளின் இயல்பை மறைக்கும் பெயர்கள் ஐந்தினைக் கண்டறிந்து, அவற்றால் நேரும் பிழைகளை வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ஈரம் நூற்பாலையில் துணையாகவும் பிரேக் திரவத்தில் பகையாகவும் அமைவதை ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.